பிளக்கைப் பிடுங்கிய கை

நேற்று அலுவலகத்தில் இடி இடித்தது. நீலாய் பக்கம் மத்தியானத்துக்கு மேல் இடி இடிப்பதெல்லாம் ஒரு செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். செய்தி அதுவல்ல. முதல் இடி கேட்டதுமே என் வலது கை என்னைக் கேட்காமல் மேசைக்கடியில் போய் எதையோ துழாவியது. அடுத்த மேசைக்காரர் குனிந்து பார்த்து, பேனா விழுந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? கம்பெனிகளின் தகவல்களுக்குப் பிரதி எடுத்துப் பாதுகாப்பது என் வேலை. நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மேலே இடிதாங்கி, கீழே ஜெனரேட்டர், நடுவில் ஓர் அறை நிறைய பேட்டரி. இவை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கான பட்டியலைத் தயாரித்தவளே நான்தான். அப்படிப்பட்டவள் இடி இடித்தால் பிளக்கைத் தேடுகிறாள் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்.

அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கைக்கு ஏதாவது வேலை கொடுக்கலாம் என்று இழுப்பறையை ஒழுங்குபடுத்தத் தொடங்கியபோது, அடியில் அந்த அடாப்டர் கிடந்தது.

பழைய கணினிகளின் ஹார்ட் டிஸ்க்கை இன்றைய மடிக்கணினியோடு பேச வைக்கும் சாமான் அது. உள்ளங்கை அளவுதான். ஒரு பக்கம் இப்போதைய யுஎஸ்பி வயர். மறுபக்கம் வரிசை வரிசையாகத் துளை வைத்த அகலமான பழைய காலத்து வாய். அது போக, சுவரில் மாட்டுவதற்குத் தனியாக ஒரு பவர் வயர். அந்தக் காலத்து டிஸ்க்குகளுக்குப் பசி அதிகம். யுஎஸ்பியில் வரும் மின்சாரம் அவற்றின் கடைவாய்க்குக்கூடப் பத்தாது. அந்தப் பவர் வயரை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அதில்தான் போய் முடிந்தது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோகிலா ஒரு பிஸ்கட் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரெம்பாவில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தாள். கோகிலாவும் நானும் பெடாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரே லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையில் ஒரே ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்று சத்தம் வரும். இப்போது அவள் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அன்று அவள் வந்ததற்கு அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். வாசலில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"கடக்காரன் என்னா செஞ்சான் தெரியுமா? இத மாட்டுனான். ஃபார்மெட் பண்ணவான்னு ஸ்க்ரீன் கேட்டுச்சு. ஓகே அமுக்கப் போறான்லா! அப்படியே வயரோட புடுங்கிட்டு ஓடியாந்துட்டேன்."

"நல்ல வேள."

"ஃபார்மெட்டுன்னா கழுவி ஊத்துறதுதான?"

"கிட்டத்தட்ட."

"படுபாவி. சிரிச்சிக்கிட்டே கேக்குறான், டிஸ்க் வேணுமா, உள்ள இருக்குறது வேணுமான்னு."

அவளுக்கு வேண்டியது உள்ளே இருந்த ஒரே ஒரு படம். அவள் அம்மா, நான் பாக்கியம் அத்தை என்று கூப்பிட்டவர், சிரித்துக்கொண்டிருக்கும் படம். கோகிலா இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போதே அத்தை இறந்துவிட்டார். ஆல்பங்களை லயத்து அலமாரியில் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அடையாள அட்டைப் படத்தில் யார்தான் மனிதராகத் தெரிகிறார்கள்? அத்தை அதில் எதையோ திருடிப் பிடிபட்டவர் மாதிரி இருப்பார். கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன் பெற்றவர்கள் காலில் விழ வேண்டும். இல்லாதவர்களுக்கு நாற்காலியில் படம் வைப்பார்கள். அதற்காகக் கோகிலா அதை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்திருந்தாள். அவர்கள் அந்த அட்டைப் படத்திலிருந்து முகத்தை எடுத்து, பட்டுச்சேலை கட்டி, நகை போட்டு, கம்ப்யூட்டரில் சிரிக்கவும் வைத்துவிட்டார்கள். கைப்பேசியில் காட்டினாள்.

"பாரேன், முப்பத்திரெண்டு பல்லும் இருக்கு. எங்கம்மாவுக்கு ஏதுடி இந்தப் பல்லு? யாரோ ஒரு பணக்கார ஆன்ட்டி. இது கால்ல நான் விழ மாட்டேன். படமே இல்லாட்டியும் பரவால்ல, வெறும் நாக்காலிக்குக் கும்பிட்டுக்குறேன்."

பாக்கியம் அத்தைக்கு முன்பல் ஒன்று கிடையாது. அதனால் சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். அது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. அவர் கை மறைக்காமல் சிரித்த படம் உலகத்திலேயே ஒன்றுதான் எடுக்கப்பட்டது. அது இந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எடுத்தபோது பக்கத்தில் இருந்தோம்.

டின்னைத் திறந்தேன். சந்தன வாசனை.

லேசாகத்தான். அத்தையின் பழைய கைலித் துணியில் சுற்றி வைத்திருந்ததால், பீரோ வாசனையும் துருவும் கலந்து, அதற்கெல்லாம் அடியில் சந்தனம். துணியை விலக்கினால் டிஸ்க்கின் நெற்றியில் காய்ந்து வெடித்த ஒரு பொட்டு. என் அப்பா வைத்தது.

அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். தோட்ட ஆபீசுக்குப் புதுக் கணினி வந்தபோது, பழையதைத் தூக்கிப் போடுவதற்குப் பதிலாக ஆபீஸ் எழுத்தரான கிராணி அதை அப்பாவிடம் கொடுத்தார். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர்களின் வழியில் வந்தவர், பேச்சே மிருதுவாக இருக்கும். "கவனமாக் கொண்டு போங்கோ, குலுக்கிப் போடாதேங்கோ" என்று சொல்லி அனுப்பினாராம். அப்பா அதை டிராக்டரின் பின்னால் மாட்டிய வண்டியில், உர மூட்டைகளுக்கு நடுவே, கித்தான் துணி போர்த்தி, கல்யாணப் பெண்ணை அழைத்து வருவது மாதிரி மெதுவாக ஓட்டி வந்தார். பின்னால் நாங்கள் எல்லாரும் ஓடி வந்தோம். எங்கள் வரிசையில் முதல் கணினி அது. கடைசிக் கணினியும் அதுதான் என்று நினைக்கிறேன். அடுத்தது வருவதற்குள் வரிசையே காலியாகத் தொடங்கிவிட்டது. நாங்கள் கிளம்பும்போது அதன் டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கோகிலாவிடம் கொடுத்துவிட்டோம்.

ஆயுத பூஜையன்று தோட்டத்தில் டிராக்டர், லாரி, பட்டறை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அப்பா மிச்சச் சந்தனத்தை ஒரு இலையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார், கணினிக்கு வைக்க. வெளியே வைத்துவிட்டுப் போக மாட்டார். திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியைத் திறப்பார்.

"மேல பூசுனா ஆச்சா? உள்ள இருக்குறவன்தானம்மா வேல செய்றான்" என்பார்.

காற்றாடிக்கு ஒரு பொட்டு, பவர் பெட்டிக்கு ஒரு பொட்டு. ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டதும் அவர் முகமே மலர்ந்துவிடும். அதன் மேல்மூடியில் சின்ன ஒரு துளை உண்டு. துளையைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருக்கும். "பாத்தியா, செஞ்சவனே பொட்டு வெக்க எடம் விட்டு வட்டம் போட்டுக் கொடுத்திருக்கான்" என்று, அந்த வட்டத்துக்குள் பிசகாமல் சந்தனத்தை வைத்து, நடுவில் குங்குமமும் வைப்பார். பக்கத்தில் எழுதியிருந்தது, இந்தத் துளையை மூடாதீர்கள் என்று. டிஸ்க் மூச்சு விடும் துளை அது. படித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அப்போது ஆங்கிலம் வராது. வந்திருந்தாலும், பொட்டு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கும் அப்பாவிடம் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

இவ்வளவு வருடம் கழித்து அந்தத் துளை என் மேசை மேல். சுரண்டலாமா என்று யோசித்தேன். சுரண்டினால் பொடி உள்ளே போகும். துடைத்தால் ஈரம் உள்ளே போகும்.

"தொடாதடி. மாமா வெச்ச பொட்டு" என்றாள் கோகிலா.

நல்ல வேளையாகச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்பு வழியாகக் காற்று போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன்.

இப்படிப்பட்ட டிஸ்க்கை மாட்டினால் நேராக உள்ளே போய்ப் படத்தைத் தேடக் கூடாது. வயதானவரை எழுப்பி நடக்க விட்டுக் கேள்வி கேட்பது மாதிரி அது. ஒவ்வொரு தேடலுக்கும் அது எழுந்து ஓட வேண்டும், பாதி வழியில் விழுந்துவிடும். அதனால் முதலில் அதன் தொடக்கத்திலிருந்து முடிவு வரை, உள்ளே என்ன இருக்கிறது என்றே பார்க்காமல், இருப்பதையும் இல்லாததையும் சேர்த்து அப்படியே ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும். அதை இமேஜ் எடுப்பது என்போம். அதற்குப் பிறகு தேடுவது, நோண்டுவது எல்லாம் பிரதியில்தான். அசலுக்கு ஓய்வு.

தவறாகப் போகக்கூடியவை என்று மனதில் ஒரு பட்டியல் போட்டேன். அது என் வியாதி. மீன் வாங்கப் போனாலும் பட்டியல் போடுவேன். வளைந்த ஊசி ஒன்று டிஸ்க்கின் வாயில் இருந்தது, இடுக்கியால் நிமிர்த்தினேன். பின்பக்கத்தில் ஜம்பர் என்ற பொடிச் சாமான் தப்பான இடத்தில் இருந்தது, மாற்றினேன். சூடாகாமல் இருக்க மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். மடிக்கணினி டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதிவிடாதபடி கட்டிப்போட்டேன். பிறகு, ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அந்தப் பவர் வயரைச் சுவரில் மாட்டி சுவிட்சைப் போட்டேன்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சத்தம் வந்தது. அடியிலிருந்து மெல்ல ஏறி, ஏறி, ஒரு சுருதியில் போய் நிற்கும் சத்தம். கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்கு எங்களுக்கு வேறொரு பெயர் இருந்தது. தோட்டத்தில் நாங்கள் அதை "முழிச்சிருச்சு" என்போம்.

பிரதி ஓடத் தொடங்கியது. திரையில் ஒரு கோடு, எறும்பு ஊர்வது போல. காத்திருப்பதில் நான் மகா மட்டம். சமையலறைக்குப் போனேன், வந்தேன். காய்ந்த துணிகளை மடித்தேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். டிஸ்க் அவ்வப்போது கரகரத்தது. கரகரக்கும்போதெல்லாம் ஓடிவந்து பார்த்தேன்.

"நீ பேஷண்டோட சொந்தக்காரவங்க மாதிரி நடக்குற. ஒக்காருலா" என்றாள் கோகிலா. அவளும் உட்காரவில்லை.

வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். ரெம்பாவ் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

இடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் ஒரு முறை இடி விழுந்து மூலை வீட்டு டிவி புகைந்துபோனது. அன்றிலிருந்து வரிசை முழுவதற்கும் ஒரே சட்டம்: இடிச் சத்தம் கேட்டால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கு. சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். என் அம்மா கையுறைத் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். அப்பா காட்டில். மத்தியானம் பள்ளி விட்டு வந்து நானும் கோகிலாவும் கணினி முன்னால் உட்கார்ந்தால், எங்களுக்குக் காவல் பாக்கியம் அத்தைதான். அத்தை எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவார். நாங்கள் விளையாட்டில் மூழ்கியிருப்போம், தூரத்தில் வானம் லேசாக உருளும், எங்களுக்குக் கேட்கவே கேட்காது. அத்தைக்குக் கேட்கும். தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, சேற்றுக் காலோடு வீட்டு முன்நடையான அஞ்சடியில் ஓடிவரும் சத்தம்தான் எங்களுக்கு முதல் இடி.

"புடுங்குங்கடி! படிக்கிற புள்ளைங்களாம், காது மட்டும் செவிடு!"

"அத்த, அத்த, இன்னும் சேவ் பண்ணல!"

"உசுரு இருந்தா நாளைக்குப் பண்ணிக்கலாம்லா!"

அவர் கை அதற்குள் பிளக்கில் இருக்கும். படக்கென்று திரை கறுத்துவிடும். எது கணினியின் பிளக், எது சோற்றுப் பானையின் பிளக் என்றெல்லாம் பார்க்க மாட்டார், கண்ணில் பட்ட அத்தனையும் வெளியே. அம்மா வேலையிலிருந்து வந்து அரைவேக்காட்டுச் சோற்றைக் கிளறிக்கொண்டே "பாக்கியம், இடி எங்க வீட்டு சோத்துப் பானையத் தேடியா வருது?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக் கத்துவார். பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து பதில் வரும். "வந்துச்சுன்னா பானையும் போயிரும், சோறும் போயிரும், பரவால்லியா?"

இப்படி எத்தனை படங்கள் வரைந்து சேமிக்காமல் போயின, எத்தனை விளையாட்டுகள் ஜெயிக்கும் நேரத்தில் செத்தன என்பதற்குக் கணக்கே இல்லை. அப்போது அத்தை மேல் எனக்குப் பயங்கரக் கோபம் வரும். பிரதி எடுப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டதற்கு அந்தக் கோபம்தான் காரணமோ என்று சில சமயம் தோன்றும்.

அந்தப் படம் எடுத்தது ஒரு தீபாவளிக்கு. கோகிலாவின் தாய்மாமா சிரம்பானிலிருந்து ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்திருந்தார். வீடு வீடாகப் போய் எல்லாரையும் படம் எடுத்தார். அத்தையை நிற்க வைத்து எடுத்தபோதெல்லாம் சரியான நேரத்தில் கை வாய்க்குப் போய்விட்டது. படங்களை எங்கள் கணினியில் போட்டுப் பார்த்தோம். வீடு நிறைய ஆள். முறுக்குத் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. அத்தை தன்னையே முதல் முறையாக இவ்வளவு பெரிதாகப் பார்க்கிறார். வாயைப் பொத்தியபடி ஒரு படம், அடுத்ததும் பொத்தியபடி, அதற்கு அடுத்ததும்.

"யாருடி இவ, நாள் கெழம அதுவுமா பல்லு வலி வந்தவ மாதிரி?" என்று கேட்டுவிட்டு, தானே வெடித்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு. தன் கையைப் பார்த்துச் சிரித்ததால் கையை மறந்துவிட்டார். மாமா அந்த நொடியைப் பிடித்துவிட்டார்.

எங்கே விட்டேன்? வானம் கறுத்துவிட்டது. பிரதி கடைசிப் பகுதிக்கு வந்திருந்தது. டிஸ்க் கையில் சுட்டது. கோகிலா திரைக்கு முன்னால், நான் திரைக்கும் ஜன்னலுக்கும் நடுவில். என் மடிக்கணினிக்குப் பேட்டரி உண்டு. டிஸ்க்குக்குச் சுவர் மின்சாரம்தான். கரண்ட் போனால் என்ன செய்வது என்பது பட்டியலில் இருந்தது. வயர் தடுக்கினால், சூடு ஏறினால், கேபிள் ஆடினால், எல்லாமே பட்டியலில் இருந்தன.

அம்மா பட்டியலில் இல்லை.

முதல் இடி மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ உருண்டது. நான் ஜன்னலைச் சாத்தத் திரும்பினேன். மாவு பிசைந்த கையோடு சமையலறையிலிருந்து வந்த அம்மா, யாரையும் எதையும் பார்க்காமல் நேராகச் சுவருக்குப் போய், டிவி பிளக், விசிறி பிளக், அடுத்ததாக அந்தப் பிளக் என்று வரிசையாகப் பிடுங்கிவிட்டார். முகத்தில் ஒரு யோசனையும் இல்லை. கொசு அடிப்பது மாதிரி ஒரு வேலை.

ஏறி ஒரு சுருதியில் நின்றிருந்த சத்தம், படிப்படியாக இறங்கி, நின்றது.

"அம்மா!"

"இடி இடிக்குதுல்ல" என்றார் அம்மா. பிறகுதான் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். தன் கையில் இருந்த பிளக்கைப் பார்த்தார். "ஐயோ" என்றார், ரொம்ப மெதுவாக.

பிளக்கை வாங்கி மறுபடி மாட்டப் போனேன். அவசரத்தில் துளை கிடைக்கவில்லை. கோகிலா வாங்கி மாட்டினாள். டிஸ்க் எழ முயன்றது. ஏறிய சத்தம் பாதியில் தடுக்கி, டிக் என்றது. மறுபடி ஏறி, டிக். டிக். டிக். அந்தச் சத்தம் என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அணைத்துவிட்டேன். கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டு, மறுபடி முயன்றேன். வேறு பக்கமாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். டிக் என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்றுமே சொல்லவில்லை.

மழை இறங்கிவிட்டது. அம்மா மாவுக் கையால் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குக் கோகிலாவைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கோகிலா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

"அத்த, நீங்க அழாதீங்க. இது நீங்க இல்ல. எங்கம்மா வந்து புடுங்கிட்டுப் போயிருச்சு" என்றாள். "சேவ் பண்ணலன்னு சொல்றதுக்குள்ள! அதுக்கு எப்பவுமே அவசரந்தான்."

அம்மா நிமிர்ந்து பார்த்து, அழுதுகொண்டே அவரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்காமல் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தேன். எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. பிரதி பெரும்பாலும் வந்திருந்தது, கடைசித் துண்டுதான் இல்லை. படம் அந்தத் துண்டுக்கு முன்னால் இருந்தால் பிழைத்தோம். ஆனால் அந்த டிஸ்க்கை நாங்கள் தொண்டை வரை நிரப்பியிருந்தோம். நிரம்பிய டிஸ்க்கில் ஒரு படம் ஒரே இடத்தில் உட்காராது. நெரிசலான பஸ்ஸில் ஏறிய குடும்பம் மாதிரி, கிடைத்த இடத்தில் துண்டு துண்டாக உட்காரும்.

தீபாவளிப் படங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். முறுக்குத் தட்டு. டிராக்டர் மேல் அப்பா. மத்தாப்போடு நானும் கோகிலாவும், இரண்டு பேருக்கும் ஒரே துணியில் தைத்த கவுன். வாயைப் பொத்திய அத்தை. வாயைப் பொத்திய அத்தை. அடுத்ததைத் திறக்கும் முன் கோகிலா என் தோளைப் பிடித்தாள். "இரு" என்றாள். பிறகு, "சரி, தொற."

படம் மேலிருந்து கீழாகத் திறந்தது. தகரக் கூரையின் அடிப்பக்கம், அதில் தொங்கிய காகிதத் தோரணம், எண்ணெய் வைத்து வாரிய அத்தையின் தலை, நெற்றி, சிரிப்பில் இடுங்கிய கண்கள், வாய். பல் இல்லாத அந்த இடம், கறுப்பாக, சின்னதாக, ஒளிவு மறைவு இல்லாமல். தாடை. அதோடு சரி. அதற்குக் கீழே படம் முழுவதும் வெறும் சாம்பல் நிறம்.

நான் "போச்சு" என்றேன். கோகிலா திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை எங்கடி?" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. முழுப் படத்தை நாங்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அதில் அத்தையின் கை மார்புவரை எழும்பியிருக்கும். ஞாபகம் வந்து, வாயை மூடுவதற்காக ஏறிக்கொண்டிருக்கும் கை. அந்தப் படத்தைப் பார்க்கும் யாருக்கும் அடுத்த நொடி என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடும். இப்போது அந்தக் கையைச் சாம்பல் விழுங்கிவிட்டது. சிரிப்பு மட்டும் இருந்தது. அதை மூட இனி எதுவும் ஏறி வராது.

சாயங்காலம் கோயில் கூட்டத்திலிருந்து வந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். மூச்சுத் துளையைப் பற்றியும் சொன்னேன், இத்தனை வருடம் கழித்து. அப்பா டிஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொட்டு வெச்சதாலதான் இம்புட்டு நாள் இருந்துச்சு" என்றார். அதோடு பேச்சை முடித்துவிட்டார். என் படிப்பில் அதை மறுக்க ஒன்றும் இல்லை.

ஸ்டுடியோக்காரர் சாம்பல் பகுதிக்கு ஒரு பட்டுச்சேலை வரைந்து தருகிறேன் என்றாராம், பல்லையும் அப்படியே சரிசெய்துவிடலாம் என்றாராம். கோகிலா அவரிடம் என்ன சொன்னாள் என்பதை எழுத முடியாது. கல்யாணத்தன்று படத்தைச் சட்டம் போட்டு நாற்காலியில் வைத்து, தடிமனான ரோஜா மாலை ஒன்றைப் போட்டார்கள். மாலை சரியாகத் தாடைக்குக் கீழே விழுந்து சாம்பலை மூடிக்கொண்டது. அதன் முன்னால் கோகிலாவும் மாப்பிள்ளையும் விழுந்து கும்பிட்டபோது, மேளச் சத்தத்தில் என் அம்மா கூட்டத்தை விட்டு நழுவிப் போய் எங்கேயோ நின்றுவிட்டுச் சிவந்த கண்ணோடு வந்தார்.

அந்தப் பிரதியை மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். ஒன்று வீட்டில், ஒன்று அலுவலகத்தில், ஒன்று கோகிலாவிடம். டிஸ்க்கில் அழிக்கப்பட்ட இடங்கள்கூட அதில் வெற்றிடமாக, இருந்தபடியே இருக்கின்றன. லயத்துக்கு அப்படி ஒரு பிரதி இல்லை. பெடாஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் பாதையில் இப்போது இரும்புக் கேட். அதற்கு அப்பால் தாமான் வீடுகள் எழும்புவதாகப் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அஞ்சடி எங்கே இருந்தது, எங்கள் வாசல் எது, அவர்கள் வாசல் எது என்று கேட்டுக்கு வெளியே நின்று சொல்ல முடியவில்லை. ஒரு வேப்பமரத்தை அடையாளம் வைத்துத் தேடினேன். அதையும் காணவில்லை.

நேற்றைய இடி கொஞ்ச நேரத்தில் தூரம் போய்விட்டது. எங்கள் கட்டடத்தில் ஒரு விளக்குகூட மினுக்கவில்லை. நான் அடாப்டரை இழுப்பறையில் திரும்ப வைத்து, எழுதிக்கொண்டிருந்த அறிக்கைக்கு வந்தேன். அது தன்னைத் தானே சேமித்துக்கொண்டே இருந்தது. இப்போதெல்லாம் எதையும் நாம் சேமிக்க வேண்டியதில்லை. அடுத்த இடி இடித்தபோது தட்டச்சை நிறுத்திவிட்டு, அலுவலகக் கதவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே நடைபாதையில் சேற்றுக் காலோடு யாரும் ஓடிவரவில்லை.